பாலத்துக் காற்று அடுக்கிய நாவல்

போன வருடம், சோளகக் காற்று மும்முரமாக வீசிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி போல, மன்னார்ப் பாலத்தில் நடுத்தர வயது மனிதர் ஒருவர் ஒற்றைச் செருப்போடு ஒரு கழுதையைத் துரத்திக்கொண்டு ஓடினார். அந்த நேரம் பாலத்தால் போன பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். அந்த மனிதர் நான்தான். உங்களில் யாராவது அந்த பஸ்ஸில் இருந்திருந்தால் என்ன நினைத்தீர்களோ தெரியாது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், மனப்பாரம் குறையும்.

பகலில் நான் ஒரு கந்தோரில் கிளாக்கர். பின்னேரத்தில் பதிப்பாளர். பதிப்பகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். வீட்டின் பக்கத்து அறை, ஒரு மேசை, ஒரு கம்பியூட்டர், கால் ஆடுகிற ஒரு கதிரை, அதில் நான். பரிசோதனைப் புனைவுகள் மட்டும்தான் போடுவது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். ஆறு வருடத்தில் ஐந்து புத்தகம். ஒன்றில் முற்றுப்புள்ளி என்பதே கிடையாது. இன்னொன்றில் கதையைச் சொல்வது பழுதாய்ப்போன ஒரு ஃபிரிட்ஜ். விற்காத கட்டுகள் மூன்று சுவரையும் பிடித்துவிட்டன. நாலாவதில் யன்னல் இருந்தபடியால் அது மட்டும் தப்பியது. என் மனைவிக்கு இலக்கியத்தில் தெளிவான கருத்து உண்டு. "நீங்கள் போடுற ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளயும் தலையிடிக்கு ரெண்டு பனடோல் வச்சுக் குடுங்கோ. சனம் கும்பிடும்."

உண்மையைச் சொன்னால் நான் களைத்துப்போயிருந்தேன். ஒற்றை ஆளாய்த் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யாழ்ப்பாணத்து அச்சகத்துக்கு பஸ்ஸில் அலைந்து, கட்டுகளைத் தோளில் சுமந்து, வெளியீட்டு விழாவுக்கு வந்த பதினொரு பேரில் ஆறு பேர் சொந்தக்காரர் என்பதைக் கண்டு, மிச்ச ஐந்து பேரில் இரண்டு பேர் அடுத்து நடக்க இருந்த கூட்டத்துக்கு முன்கூட்டியே வந்தவர்கள் என்பதையும் கண்டு, ஒரு மனிதன் எவ்வளவுதான் தாங்குவான். இன்னும் ஒன்றே ஒன்று போடுவோம், அதோடு கடையைக் கட்டுவோம் என்று முடிவெடுத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி கோழிக்கறி ஆக்கிக் கொண்டாடியிருப்பாள்.

அப்போதுதான் விடத்தல்தீவிலிருந்து ஒரு அக்கா ஃபோன் எடுத்தார். ஊர் நூலகத்தில் எங்கள் புத்தகம் ஒன்றைக் கண்டாராம்.

"முழுக்க விளங்கேல்ல சேர். ஆனா இதையே போட்டிருக்கிறீங்கள் எண்டா, என்ரையையும் போடுவீங்கள் எண்டு நினைச்சன்."

என் பதிப்பகத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த மதிப்புரை அது. அடுத்த சனிக்கிழமையே மோட்டார் சைக்கிளில் போனேன்.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கனகாலம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, நண்டு வாடியில் வேலை செய்கிறார். நண்டைத் தரம் பிரிப்பது, கட்டுவது, நிறுப்பது. வீட்டில் அவரும் ஒரு பூனையும் மட்டும். விறாந்தை மூலையில் ஒரு படகு எஞ்சின் சாக்கால் மூடிக் கிடந்தது. கதிரையில் என்னை இருத்தி, தேத்தண்ணி தந்துவிட்டு, உள்ளே போய் ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெரிய கொப்பியிலிருந்து கிழித்த தாள்கள். நாலு பக்கமும் தங்கூசியால், அதுதான் வலைக்குப் பாவிக்கிற அந்த நைலோன் நூலால், இறுக்கிக் கட்டியிருந்தது.

கொப்பியை வாடிக்குக் கொண்டுபோனால் நனைந்துவிடுமாம். அதனால் விடியக் காலமை ஒரு தாளைக் கிழித்து மடித்துக்கொண்டு போவாராம். நண்டு வர முந்தி கிடைக்கிற நேரத்தில் எழுதுவாராம். ஒரு நாளைக்கு ஒரு தாள். அன்றைய கதை அன்றைய தாளோடு முடிந்துவிட வேண்டும். எல்லாமாய் நூற்றிப் பதினேழு தாள். வேறு பிரதி கிடையாது.

நான் கட்டின் ஓரத்தை மெல்ல விரித்துப் பார்த்தேன். பிறகு கீழே பார்த்தேன். மேலே பார்த்தேன். எந்தத் தாளிலும் பக்க எண் இல்லை.

அந்தக் கணத்தில் எனக்குள் இருந்த பதிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். "பக்க எண்ணே போடேல்லையே அக்கா!" என்றேன்.

"ஓம் சேர், அது வந்து..."

"வேண்டாம்! போடவே வேண்டாம்!"

பிறகு கிட்டத்தட்டக் கால் மணித்தியாலம் பேசினேன். எண் என்பது வாசகனுக்குப் போடுகிற கால்விலங்கு என்றேன். எந்தத் தாளிலிருந்தும் தொடங்கலாம், எந்தத் தாளிலும் முடிக்கலாம், ஒவ்வொரு வாசகனுக்கும் ஒவ்வொரு நாவல் என்றேன். அவர் பூசையில் நீண்ட பிரசங்கம் கேட்கிறவர் மாதிரி மரியாதையாக இருந்தார். இடையில் ஒருமுறை, "ஒரு விசயம் சேர்" என்று தொடங்கினார்.

"கவலைப்படாதேங்கோ அக்கா. நான் பாத்துக்கொள்ளுறன்."

"இல்லை, கட்டை மட்டும் அவிழ்க்காமக் கொண்டு போங்கோ. வீட்டை போய் ஆறுதலா..."

"ஓமோம்."

இந்த 'ஓமோம்' என்ற சொல்லை நீங்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

அங்கேயே இருந்து எல்லாத் தாளையும் ஃபோனில் படம் பிடித்திருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் செய்வோம் என்று விட்டேன். வீடு வரையாவது பொறுத்தேனா என்றால் அதுவும் இல்லை. பாலத்தில் ஏற முந்தி ஒரு தேத்தண்ணிக் கடையைக் கண்டதும் நின்றுவிட்டேன். ஒரு பிளேன்ரீ, ஒரு பணிஸ். கட்டை மேசையில் வைத்து அவிழ்க்கப் பார்த்தேன். கடற்கரைக்காரர் போட்ட முடிச்சு, கந்தோர்க்காரன் விரலுக்கு அசையுமா? கடைக்காரரிடம் கத்தி வாங்கி அறுத்தேன்.

எந்தத் தாளிலிருந்தும் தொடங்கலாம்தானே என்று நடுவில் பிரித்தேன். முதலில் கண்ட தாளில் பேசுவது கூடைக்குள் கிடக்கிற ஒரு நண்டு. 'மேலே இருப்பவன் ஏறட்டும். அவன் ஏறினால்தான் எனக்குக் கொஞ்சம் காற்று.' அடுத்த தாளில் பேசுவது தராசு. அதற்கடுத்ததில் ஒரு பெண் நண்டைக் கட்டிக்கொண்டே கடலைப் பார்க்காமல் இருக்கப் பழகுகிறாள். மூன்று தாளோடு நிறுத்திவிட்டேன். ஆறு வருடமாய் நான் தேடிய எழுத்து நண்டு மணத்தோடு என் பணிஸுக்குப் பக்கத்தில் கிடந்தது.

திருப்பிக் கட்டத்தான் தெரியவில்லை. அறுத்த தங்கூசி எட்டவில்லை. தாள்களைச் சொப்பிங் பையில் போட்டு, காதைச் சுருட்டி, பைக்கின் முன்கொழுவியில் கொழுவினேன். மன்னாரில் பிறந்து வளர்ந்த ஒருவன், சோளகத்தில், மத்தியானத்தில், பாலத்தில் ஏறப்போகிறான், கையில் கட்டாத தாள்கள். படிக்காதவன் செய்யமாட்டான் இந்த வேலையை.

பாலத்தின் முக்கால்வாசி வரை எல்லாம் சரி. கோட்டை தெரியத் தொடங்கிய இடத்தில் இடப்பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்தது. சொப்பிங் பை ஒருதரம் ஊதிப் பெருத்தது. பிறகு வெடித்தது. ஒரு பெண்ணின் எத்தனையோ காலமைகள் என் முகத்துக்கு முன்னால் எழும்பி, வலப்பக்கத் தண்ணீரை நோக்கிப் போயின.

என் பதற்றத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சாதாரணப் பதற்றம் அல்ல. பைக்கை நடுறோட்டில் விட்டேன். ஸ்டாண்ட் போட்டேனா என்று பிறகுதான் யோசித்தேன், போடவில்லை. "ஐயோ நில்லு, நில்லு!" என்று தாள்களைப் பார்த்துக் கத்தினேன். அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். மடுமாதாவுக்கு வைத்தேன். கந்தோருக்குப் போடுகிற நல்ல காற்சட்டையோடு சேற்றில் குதித்தேன். ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. மூச்சு வாங்கத் துரத்திப் பிடித்த முதல் தாள், எட்டாம் வகுப்புக் கணித ரியூசன் விளம்பரம்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. "மாஸ்டர்! அந்தக் கரையை நீங்க பாருங்க, இந்தக் கரையை நான் பாக்கிறன்!"

திரும்பினால், தாராபுரத்து மீன் வியாபாரி ஒருவர், முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் சொல்கிற மாதிரி ஒரு நானா. றெஜிபோம் மீன்பெட்டி கட்டிய தன் பைக்கை ஓரங்கட்டி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் என்னைவிட வேகமாக ஓடினார். கிடைத்த தாள்களை ஒவ்வொன்றாய் உதறி, மீனை ஒரு பக்கம் ஒதுக்கி, பெட்டிக்குள் அடுக்கினார். இடையில் பாலத்தின் அந்தத் தொங்கல் முனையில் நின்ற கழுதைகளில் ஒன்று ஒரு தாளை வாயில் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டியது. நான் துரத்தியது அதைத்தான். பஸ் போனதும் அப்போதுதான். தாளை மீட்டேன். கீழ்மூலை மட்டும் கழுதைக்குப் போனது.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இரண்டு பேரும் பாலத்தடியில் இருந்து மூச்சு வாங்கினோம்.

"எத்தினை பிள்ளையளிட சோதினைப் பேப்பர் மாஸ்டர்?" என்று கேட்டார் அவர்.

அப்போதுதான் அவர் ஏன் அப்படி ஓடினார் என்று விளங்கியது. "சோதினைப் பேப்பர் இல்லை நானா. கதை. ஒரு நாவல்."

அவர் நனைந்த சாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். "சரி, கதையெண்டாலும் ஒராள் குந்தியிருந்து எழுதினதுதானே" என்றார். பிறகு அந்தத் தாளை வாசித்தார். உதடு அசைய, முழுதாய் வாசித்தார். "இந்த மனிசன் கடலுக்குப் போறார். பிறகு என்னவானார், திரும்பி வந்தாரா?"

எனக்குத் தெரியாது. நான் வாசித்ததே மூன்று தாள். ஆனால் பதிப்பாளர் என்றால் தெரியாது என்று சொல்வாரா? "அது வாசகர் முடிவு செய்ய வேண்டிய விசயம் நானா" என்றேன்.

"நீங்க தொலைச்சுப்போட்டு என்னட்ட முடிவு செய்யச் சொல்லுறீங்க, என்ன?"

மீன்பெட்டியிலிருந்து தாள்களை எடுத்து எண்ணினேன். நூற்றிப் பதினெட்டு. ரியூசன் விளம்பரத்தைக் கழித்தால் சரியாக நூற்றிப் பதினேழு. அவரைக் கட்டிப்பிடித்தேன். "முடிவு என்னெண்டு தெரிஞ்சா சொல்லுங்க மாஸ்டர், மீன் மாக்கட்டிலதான் நிப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மாஸ்டர் இல்லை என்பதைச் சொல்ல இடம் தரவில்லை.

அப்போதுதான் எனக்கு இன்னொரு விசயம் விளங்கி, வாய்விட்டுச் சிரித்தேன். வரிசை குலைந்தது உண்மை. ஆனால் இந்த நாவலுக்குத்தான் வரிசையே கிடையாதே! எந்தத் தாளிலிருந்தும் தொடங்கலாம் என்று நானே பிரசங்கம் வைத்தேனே! உலகத்தில் எந்தப் பதிப்பாளருக்கும் கிடைக்காத அதிர்ஷ்டம். கீழே போட்டாலும் சேதமாகாத புத்தகம்.

அக்காவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்துக்கு அப்படியொரு பெயர் வைத்திருந்தேன்.

தாள்களை வீட்டு உடுப்புக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். மனைவியின் உடுப்புகள் இரண்டு நாள் வாளிக்குள் கிடந்தன. காய்ந்த தாளை எடுத்துத் தட்டச்சு செய்வேன். அது முடிய, அடுத்தது காய்ந்திருக்கும். ஆகவே, தமிழ் நாவல் உலகில் வெயில் வரிசைப்படுத்திய முதல் படைப்பு அதுவாக இருக்கலாம். கந்தோர் முடிந்து வந்து, கண் எரிய எரிய, இரண்டு மாதம். களைப்பில் எழுத்துகள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தன. ஆனால் அந்த வசனங்கள் என்னைத் தூக்கி நிறுத்தின என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு நாலு பக்கத்துக்கு ஒரு முன்னுரை எழுதினேன். காலத்தின் நேர்கோடு உடைகிறது என்று எழுதினேன். கழுதை கடித்த தாளில் ஒரு வசனம் அரைவாசியில் நின்றிருந்தது. 'அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார், இதில்' என்று வந்து, அதோடு கடி. வேறு யாராவது என்றால் அக்காவுக்கு ஃபோன் எடுத்து மிச்சம் என்னவென்று கேட்டிருப்பார்கள். நான் கேட்டால் கழுதை வெளிவந்துவிடும். ஆகவே, "'இதில்' என்ற சொல்லோடு உறைந்துபோகும் அந்த வசனம் மொழியின் எல்லையில் நின்று மௌனத்தைக் கேட்கிறது" என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டுதரம் வாசித்தேன். நம்பியும் விட்டேன்.

புரூஃபை முதலில் வாசித்தவள் மனைவி. வழமையாய் இரண்டு பக்கத்தோடு மூடிவைப்பவள், இதை முழுதாய் வாசித்தாள். அதுவே எனக்கு அதிர்ச்சி.

"இஞ்சருங்கோ, இந்த மனிசன் முந்தியே செத்துப்போனவரெல்லோ? பிறகு எப்பிடி வாசலில வந்து நிண்டு தேத்தண்ணி கேக்கிறார்?"

"அதுதான் நுட்பம்."

"நுட்பமோ, கொடியில காஞ்ச வரிசையோ?"

எனக்குக் கோபம் வந்தது. உண்மை பட்ட இடத்தில்தானே கோபம் வரும்.

புரூஃபை பஸ் கொண்டக்டர் மூலம் அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு கிழமையாய் ஒரு சத்தமும் இல்லை. அச்சகத்திலிருந்து, "திங்கக்கிழமை மெசினில ஏத்தவோ?" என்று கேட்டார்கள். சத்தம் இல்லை என்றால் சம்மதம்தானே என்று, "ஏத்துங்கோ" என்றேன். அதற்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, அக்கா ஃபோன் எடுத்தார். "சேர், ஒருக்கா வந்திட்டுப் போக ஏலுமோ?" அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அந்தக் குரலில் கோபம் இருந்ததா, இல்லையா? சனிக்கிழமை முழுக்க மனைவிக்கு அந்த ஒரு வசனத்தைப் பன்னிரண்டு விதமாகச் சொல்லிக்காட்டினேன். "இதில கோவம் தெரியுதோ? இதில?" அவள் கடைசியில், "உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் என்ன செய்தனீங்களெண்டு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புறப்பட்டேன். இந்தமுறை பாலத்தில் கொண்டுபோக என்னிடம் ஒன்றும் இல்லை. காற்று என்னைப் பொருட்படுத்தவே இல்லை.

விறாந்தையில் புரூஃப் விரிந்திருந்தது. ஓரங்கள் மடங்கி, நிறையத் தரம் வாசித்த அடையாளம். தேத்தண்ணி வந்தது. பூனை வந்தது. பிறகு அவர் கேட்டார்.

"சேர், நான் ஒண்டு கேட்டாக் குறை நினைக்கக்கூடாது. ஏன் அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"ஆரை அக்கா?"

"கதையில வாற மனிசனை. நான் நாப்பதாம் தாளில அவரைக் கடலில விட்டனான். அதுக்குப் பிறகு அவர் இல்லை. மிச்சமெல்லாம் அவர் இல்லாத கதை. உங்கட புத்தகத்தில அவர் செத்து, பத்துப் பக்கத்தில, வாசலில வந்து நிண்டு தேத்தண்ணி கேக்கிறார். படிச்ச ஆக்கள், ஏதோ நினைச்சுத்தான் செய்திருப்பீங்கள். என்ன நினைச்சனீங்கள் எண்டு கேக்கத்தான் கூப்பிட்டனான்."

அப்படியென்றால் வரிசை இருந்தது. முதலிலிருந்தே இருந்தது. எழுதிய ஒழுங்கில்தான் கட்டியிருந்தார். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு வாய் எடுத்தார், இரண்டுதரம். அதற்காகத்தான் கட்டை அவிழ்க்காதேங்கோ என்றார். அதற்குத்தான் நான் ஓமோம் என்றேன்.

தப்ப வழி இருந்தது, அதையும் மறைக்கமாட்டேன். முன்னுரையிலிருந்து ஒரு வசனத்தை எடுத்துவிட்டால் போதும். காலத்தின் நேர்கோடு உடைகிறது அக்கா. அவர் நம்பியிருப்பார். அடுத்த நாள் மெசின் ஓடியிருக்கும். வாயைத் திறந்தேன். கண் அந்த எஞ்சினில் போய் நின்றது. இரண்டு மாதமாய் அந்த நாவலைத் தட்டச்சு செய்தவன் நான். சாக்குக்குக் கீழே கிடப்பது யாருடையது என்று ஒருதரமாவது யோசித்திருக்க வேண்டாமா?

"காத்து அக்கா" என்றேன். "காத்தும், ஒரு கழுதையும்."

எல்லாவற்றையும் சொன்னேன். பணிஸ், கத்தி, பை, செருப்பு, மீன்பெட்டி, உடுப்புக் கொடி. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிய அவர் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கழுதையோ? கழுதையோ?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். "ரெண்டு கிழமையா நான் நித்திரையில்லாம யோசிச்சன். இவ்வளவு படிச்ச மனிசன் என்னத்தை நினைச்சு இப்பிடி அடுக்கினாரெண்டு!"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அண்டைக்கு எஞ்சின் பழுது. அதால மற்ற ஆக்களிட போட்டில போனவர்" என்றார். "உங்கட புத்தகத்தில அவர் வாசலில வந்து நிக்கிற இடத்தை வாசிச்சிட்டு, நான் எழும்பிப் போய் கேத்திலை அடுப்பில வச்சிட்டன் சேர். தண்ணி கொதிச்ச பிறகுதான் நினைவு வந்தது. மூண்டுதரம் அந்த இடத்தை வாசிச்சன். நல்லாத்தான் இருந்தது. இல்லையெண்டு சொல்லமாட்டன்."

நான் அவசரப்பட்டேன், பழக்கதோசம். "அப்பிடியெண்டா விடுவம் அக்கா, அந்த ஒரு இடத்தை மட்டும்..."

"இல்லை" என்றார். "நான் அவரை அனுப்ப எவ்வளவு பாடுபட்டனான் தெரியுமோ? நாப்பதாம் தாளை எழுத எனக்கு எட்டு நாள் போச்சுது. வெறுந்தாளோட வாடிக்குப் போய் வெறுந்தாளோட வந்தனான். போனவர் போனவர்தான். அடுக்கித் தாங்கோ."

அங்கேயே இருந்து அச்சகத்துக்கு ஃபோன் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் முதலாளி நாலாவது தரம்தான் தூக்கினார். அந்த மூன்று தரத்தில் நான் பட்ட பாடு பாலத்தில் பட்டதற்குக் குறைவில்லை. "நாளைக்கு ஏத்தவேண்டாம்" என்றேன். "ஏன்?" என்றார். "நாவல் இன்னும் கடலில நிக்குது" என்றேன். பழகிய மனிதர், மேலே கேட்கவில்லை.

பிறகு விறாந்தையில் பாயை விரித்து, அவருடைய ஒரு தாளுக்கு ஒரு பக்கமாய் இருந்த புரூஃபைத் தாள் தாளாய்ப் பிரித்தோம். அந்த விறாந்தைக்கும் சோளகம் வரும். ஒவ்வொரு தாளின்மேலும் ஒரு சங்கு, ஒரு கல்லு, ஒரு நண்டு ஓடு என்று வைத்துக்கொண்டு போனார். எந்தத் தாள் எந்த நாள் எழுதியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "இது மழை பெய்த நாள். இது பெருநாளைக்கு முந்தினது, வாடியில சரியான வேலை, அதால கதை சின்னன்." நான் கீழே எண் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு வருடத்தில் நான் என் கையால் போட்ட முதல் பக்க எண்கள். நாற்பதாம் தாள் வந்தபோது கையில் வைத்திருந்துவிட்டு, அதன்மேல் வைக்கக் கொஞ்சம் பெரிய கல்லாகத் தேடினார். நான் தலையைக் குனிந்து எண்ணைப் போட்டேன்.

அவர் முதன்முதல் போட்ட கட்டின் ஒழுங்கில் அந்த நாவலை அன்றைக்குத்தான் வாசித்தேன். நான் மெச்சி முன்னுரை எழுதிய புத்தகத்தைவிட அது எவ்வளவோ பெரிய புத்தகம். நண்டும் தராசும் பேசுவது வேடிக்கைக்கு அல்ல. நாற்பதாம் தாளுக்குப் பிறகு அந்தப் பெண்ணின் வீட்டில் பேச ஆள் இல்லை. அதனால்தான் அதுகள் ஒவ்வொன்றாய்ப் பேசத் தொடங்குகின்றன.

பொழுது சாயும் நேரம் கழுதைத் தாள் வந்தது. பன்னிரண்டாம் தாள், அவர் உயிரோடு இருக்கிற காலம். மெல்லக் கேட்டேன். "இதில எண்டு நிக்குதே அக்கா. மிச்சம் என்ன?"

"அதோ? 'இதில் உப்பில்லை' எண்டு சொன்னவர்."

மொழியின் எல்லை, மௌனம் எல்லாம் என் காதுக்குள் ஒருமுறை ஒலித்து அடங்கின. போட்டுவிடுவோமா என்று கேட்டேன். "விடுங்கோ. அப்பிடியே கிடக்கட்டும். கழுதையும் வேலை செய்ததெல்லோ."

முன்னுரையைத் தூக்கி எறிந்தேன். புத்தகம் இரண்டு மாதம் பிந்தி வந்தது. வெளியீட்டுக்குப் பதினான்கு பேர். வாடியில் வேலை செய்கிற பெண்கள் ஏழு பேர் ஒரு ஓட்டோவிலும் ஒரு மோட்டார் சைக்கிளிலுமாக வந்திருந்தார்கள். எப்படி வந்தார்கள் என்று கேட்கவேண்டாம். சொந்தக்காரர் என் மனைவி மட்டும்.

ஒரு பிரதியைக் கொண்டுபோய் மாக்கட்டில் தாராபுரத்து நானாவிடம் கொடுத்தேன். நாலைந்து நாள் கழித்து, மத்தியானம், கந்தோரில் இருக்கும்போது ஃபோன் வந்தது.

"மாஸ்டர், அவர் வரேல்லை, என்ன?"

"வரேல்லை நானா."

"நான் தண்ணிக்குள்ள நிண்டு அந்தத் தாளைப் பிடிக்கேக்க, வந்திருப்பார் எண்டுதான் நினைச்சன்" என்றார். பிறகு மீன் வாங்க யாரோ வந்துவிட்டார்கள்.

கடையை நான் இன்னும் கட்டவில்லை. களைப்பும் போகவில்லை. விற்காத கட்டுகள் இப்போது யன்னல் பக்கமும் வரத் தொடங்கிவிட்டன. புத்தகங்கள் விசித்திரமாய்த்தான் வருகின்றன, மனைவி பனடோல் பற்றிச் சொல்வதும் நிற்கவில்லை. ஆனால் இப்போது யாராவது ஒரு கட்டைக் கையில் தந்து, "ஒரு விசயம் சேர்" என்று தொடங்கினால், அந்த விசயம் கடைசிவரை சொல்லி முடியும் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். இத்தனை வருடப் பரிசோதனையில் எனக்கு உண்மையாகவே கைகூடியது அது ஒன்றுதான்.